கட்டிலின் மறுபாதியைப் பிடிக்க ஒரு ஆள்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. ஒரு இயந்திரக் கடையில், கீல் வாங்கப் போன இடத்தில். [என் வீட்டில் அத்தனை கதவு கிடையாது. ஆனாலும் கீல் தீர்ந்துவிட்டதாக எனக்கு அடிக்கடி தோன்றும். அந்தக் கடைக்காரர் நன்றாகப் பேசுவார்.]

நான் வியாபாரிகள் நடுவே வளர்ந்தவன். எங்கள் அப்பா தூக்கத்தில்கூட விலையைக் குறைத்துக் கேட்பார். அதனால் கல்லா முன்னால் நிற்பவரைப் பார்த்தாலே தெரிந்துவிடும், வாங்க வந்தவரா, பேச்சுத்துணைக்கு வந்தவரா என்று. அன்று அங்கே நின்ற டாக்டரம்மா வாங்க வந்தவர். பல் டாக்டர். எங்கள் தெருக்காரர்களின் கடைவாய் முழுக்க அவருக்கு மனப்பாடம்.

2

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: “துயரம் தேங்கிய விழிகளோடு அவர் மின்ரம்பத்தை நோக்கி—”

அடித்துவிட்டேன். துயரமும் இல்லை, தேங்கவும் இல்லை. அவர் பெட்டியில் ஒட்டியிருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இருக்கறதுலயே பெரிய கட்டிங் மெஷினைக் காட்டுங்க.”

“என்ன வேலைக்கும்மா?”

“கட்டில். ரெண்டு பேர் கட்டிலை ஒருத்தர் கட்டிலாக்கணும்.”

மேல்தட்டுக்குப் போன கையைக் கடைக்காரர் இறக்கிக்கொண்டார். ஜிக்சா என்கிற சின்ன ரம்பம் ஒன்றை எடுத்து வைத்தார். “இது போதும்மா. நீட்டு பிளேடு. மெதுவா போகும், உதைக்காது.”

“மெதுவா வேணாம். மெதுவா அறுத்தா நடுவுல நிறுத்தத் தோணும்.”

[பெரிய சரக்கைக் கேட்டு வந்தவர் தலையில் சின்னதைக் கட்டப் பார்த்த வியாபாரியை அன்றுதான் கண்டேன். அப்பா பார்த்திருந்தால் அந்தக் கடைப்பக்கமே போகாதே என்றிருப்பார்.]

3

டாக்டரம்மாவின் கணவரைக் கதையில் என்ன செய்வது? முதல் பிரதியில் சாகடித்தேன். எழுதுகிறவனுக்கு அது கைக்கு எட்டும் மலிவுச் சரக்கு. இரண்டாவதில் கோபித்துக்கொண்டு போகவைத்தேன். திரும்பி வருவாரா என்று நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். நடந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்:

“வீட்ல யாரும்மா இருக்கா?”

“கட்டில் இருக்கு.”

அதற்கு மேல் நான் தோண்டவில்லை. நீங்களும் தோண்டாதீர்கள்.

4

இனி பேரம். நான் கேட்டதிலேயே விசித்திரமான பேரம். பணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“பெரிய மெஷின்னா தனியா செய்யக்கூடாதும்மா. நடுவுல அறுக்கறப்போ பலகை தொய்யும். அறுத்த வாய் மூடிக்கிட்டு பிளேடைக் கவ்வும். மெஷின் உங்க மேலயே பாயும். மறுபாதியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.”

“நான் காலம் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ள டிரில் ஓட்டினவ. கண்ணாடி, மாஸ்க் எல்லாம் வீட்டுல கிடக்கு.”

“அங்க தப்பு நடந்தா நாற்காலியில இருக்கறவன் கத்துவான். இங்க கத்தப்போறது நீங்க.”

“சரி, ஆள் இல்லாம என்ன வழி?”

“கிளாம்ப் போட்டு இறுக்குங்க. அறுக்கற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கிட்டவே அடியில கட்டை குடுங்க. தொய்யாது.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“எடுத்ததும் கடைசி விலையைச் சொல்லிட்டா அப்புறம் நாங்க எப்படிப் பொழைக்கறது? ஆனா கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஒருத்தர் இருந்தே ஆகணும். அதுக்குக் கீழ இறங்க மாட்டேன்.”

“போன் பக்கத்துல இருக்கே.”

“அது கத்தினா நீங்க எடுக்கலாம். நீங்க கத்தினா அது எடுக்குமா?”

டாக்டரம்மா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடைக்குள் ஒரு சுற்று பார்த்தார். நான் கீல்களை எண்ண ஆரம்பித்தேன்.

5

கடைக்காரர் பெரிய மெஷினைக் கொடுத்தார். பிளேடைக் கொடுக்கவில்லை. “ஆள் கிடைச்சதும் கூட்டிட்டு வந்து வாங்கிக்குங்க. எங்கேயும் போயிடாது.”

“ஆள் கிடைச்சா கட்டிலை எதுக்கய்யா அறுக்கறேன்?” என்று கேட்டுவிட்டு, பிளேடில்லாத மெஷினை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு— [“குழந்தை மாதிரி” வேண்டாம். கனமான பெட்டி மாதிரி.] கனமான பெட்டியை இடுக்கிக்கொண்டு போனார்.

6

முடிவுகள் கையிருப்பில் மூன்று.

ஒன்று: கடைக்காரரே கடையைச் சாத்திவிட்டுப் பிளேடோடு போகிறார். அப்புறம் கட்டிலை அறுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகும் என்று நீங்கள் கண்ணடிப்பீர்கள். சீச்சீ.

இரண்டு: வேறு கடையில் பிளேடு வாங்குகிறார். தனியாக, கட்டை எதுவும் கொடுக்காமல் ஆரம்பிக்கிறார். பாதி தாண்டியதும் பலகை தொய்ந்து, அறுத்த வாய் மூடி, மெஷின் அவர் கைக்கு—

பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இதை நான் எழுத மாட்டேன்.

மூன்று: நான் போகிறேன். ஆனால் நான் போய்விட்டால் இதை யார் எழுதுவது? [இது சாக்கு. இதைவிட நல்ல சாக்கு என்னிடம் ஸ்டாக் இல்லை.]

7

ஆகவே நீங்கள் போங்கள். பிளேடு இதோ. கதவு சாத்தியிருக்காது.

முடியை முடிந்துகொள்ளுங்கள். தொங்கும் துணி, வளையல், கையுறை எதுவும் வேண்டாம்; சுழலும் பிளேடு எதைக் கண்டாலும் இழுக்கும். கண்ணாடி அவர் தருவார். அவர் பிளேடு மாட்டி முடிக்கும்வரை பிளக் உங்கள் கையில் இருக்கட்டும். மெஷினுக்கு நேர் பின்னால் அவரும் நிற்கக்கூடாது, நீங்களும் நிற்கக்கூடாது. மறுபாதியை அடியிலிருந்து தாங்குங்கள். தூக்காதீர்கள், தாழவும் விடாதீர்கள். யாருக்காக இந்தக் கட்டில் இவ்வளவு அகலம் என்று கேட்காதீர்கள். சத்தத்தில் எப்படியும் கேட்காது.

அறுந்து முடிந்ததும் பிளேடு நிற்கும்வரை அசையாதீர்கள். சத்தம் அடங்கும். கனம் உங்கள் கைக்கு வரும்.

அந்தப் பாதியை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் சொல்வார். சொல்லாவிட்டால், பிடித்துக்கொண்டே நில்லுங்கள்.