இரண்டாம் முறை அழிந்த படம்

கட்டட வரைபட அலுவலகத்தில் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் எதிரெதிர் மேசை. வீட்டில் மூண்ட சண்டை இங்கேயும் புகைந்தது. முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எல்லாருடைய படங்களும் ஒரே சர்வரில்தான் இருந்தன. நாத்தனார் வரைந்த மாடிப்படியின் பழைய படம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கேட்டால் மூஞ்சியைத் தூக்குவாள் என்று அண்ணி கேட்காமலே அழித்தாள். அழித்தாயிற்று என்று சர்வரிடமிருந்து பதில் வருமுன் அவள் கம்ப்யூட்டரின் இணைப்பு அறுந்தது. அது திரும்பி வருவதற்குள் நாத்தனார், அதே பெயரில் புதிய படத்தைச் சேமித்திருந்தாள். இணைப்பு வந்த கையோடு அந்தப் புதிய படம் மாயமாய்ப் போனது.

“வயித்தெரிச்சல்ல அழிச்சிட்டீங்கல்ல?” நாத்தனார் கத்தினாள்.

“புதுப் படத்தை நான் தொடவே இல்ல!”

மேனேஜர், சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆளை அழைத்தார். “இவங்க மெஷின்லேர்ந்துதான், அழிக்கச் சொல்லி ரெண்டு தடவை வந்திருக்கு” என்றான் அவன்.

“ஒரு தடவைன்னா கை தவறுச்சுன்னு விடலாம்” என்று மேனேஜர் அண்ணியை முறைத்தார். “ரெண்டு தடவையுமா?”

அண்ணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சர்வர் அறைக்கே போய் அவனை மடக்கினாள்.

“நான் ஒரு தடவைதான் சொன்னேன். இன்னொரு தடவை யார் சொன்னது?”

“பதில் வரலைன்னா, இணைப்பு வந்ததும் மெஷின் அதே வேலையைத் திரும்ப அனுப்பும். அது வழக்கம்தான்.”

“ஏற்கெனவே செஞ்சாச்சுன்னு சர்வருக்குத் தெரியாதா?”

“தெரியணும். பழைய பதிலை ஞாபகம் வெச்சிருந்து அதையே திருப்பிச் சொல்லணும். இணைப்பு அறுந்தா அந்த ஞாபகத்தைத் துடைச்சிடற மாதிரி… நான்தான் வெச்சிருந்தேன். வேகமா ஓடட்டுமேன்னு.”

“வந்து மேனேஜர்கிட்ட சொல்லுங்க.”

“என் வேலைக்கு வேட்டு வைக்கறீங்களா?”

“என் தலை உருண்டப்போ வேடிக்கை பார்த்தீங்கல்ல?”

வேறு வழியில்லாமல் அவன் வந்து சொன்னான். அன்றே சர்வரையும் சரிசெய்தான். சோதனைக்கு ஒரு கோப்பை அழிக்கச் சொல்லி, பாதியில் ஒயரைப் பிடுங்கி, வேறு மெஷினிலிருந்து அதே பெயரில் புதிய கோப்பைச் சேமித்துவிட்டு, மறுபடி செருகிப் பார்த்தார்கள். திரும்பி வந்த கட்டளைக்குப் பழைய பதில்தான் போனது, புதிய கோப்பு அப்படியே இருந்தது.

மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். நாத்தனார் கேட்கவில்லை.

“ரெண்டாவது தடவை அழிச்சது மெஷின். சரி” என்றாள். “முதல் தடவை?”

“அது பழசு. யாருக்கும் வேண்டாதது.”

“வேண்டாம்னு நான் சொன்னேனா?”

அண்ணிக்கு ஜெயித்தும் அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கும் சேர்த்து நாத்தனார்மேல்தான் ஆத்திரம் வந்தது. நாத்தனாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஜன்னலோர மேசைக்குப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, படத்தை முதலிலிருந்து வரையத் தொடங்கினாள்.