செல்வம் ஊருக்குப் போயிருக்கான்

எங்கள் சந்துக்குள் அறிமுகமில்லாத யார் வந்து யாரைப் பற்றிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "அவன் ஊருக்குப் போயிருக்கான்." கேட்பவர் நல்லவரா கெட்டவரா என்று பார்க்கிற வழக்கமெல்லாம் எங்கள் பக்கம் தாராவியில் கிடையாது. கையில் ஃபைல் இருந்தால், ஊருக்குப் போயிருக்கான். சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருந்தால், போன வருஷமே போய்விட்டான். இங்கிலீஷில் கேட்டால், அப்படி ஒரு ஆளே இங்கே இருந்ததில்லை.

காசிராஜன் அண்ணாச்சி மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, முலுண்டிலிருந்து பையன் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து டீக்கடை உதுமான் பாயிடம் விசாரித்தார்கள். பாய் அவர்களைக் கண்ணால் அளந்துவிட்டு, காசிராஜன் என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லை என்று சொல்லி, கையில் அரை கிளாஸ் கட்டிங் டீயும் கொடுத்தார். பக்கத்து பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, "நானும் கேள்விப்பட்டதில்ல" என்றாராம். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

அந்த அண்ணாச்சியின் ஃப்ரிட்ஜ் பட்டறையில்தான் என் வீட்டுக்காரர் முத்துசெல்வம் தலைமை மிஸ்திரி. மீன்காரிகளின் ஐஸ் பெட்டியிலிருந்து மாட்டுங்கா ஓட்டல்களின் பெரிய கூலர் வரைக்கும் அவர் கை பட்டால் குளிரும். எங்கள் வீட்டு ஃபேன் மட்டும் கல்யாணமான நாள் முதல் கரகரத்துக்கொண்டே இருக்கிறது. கேட்டால் நாளைக்கு என்பார்.

கனடா ஆசையை அவருக்கு ஊட்டியது நான்தான். அவர் கூட்டாளி ஒருவர் அங்கே போய் அனுப்பிய வீடியோவில், பனியைக் காட்டினார், காரைக் காட்டினார், ஏரியைக் காட்டினார். போகிற போக்கில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் கக்கூஸையும் காட்டினார். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காலையில் வாளியோடு பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்கிறவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். எனக்குக் கனடா என்றால் அந்தக் கதவுதான். உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொண்டால் யாரும் தட்டக்கூடாது.

மாட்டுங்காவில் ஹரிகிருஷ்ணன் சார் என்று ஒருவர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற வேலை பார்க்கிறார். வயசுக்கு இவ்வளவு பாயிண்ட், படிப்புக்கு இவ்வளவு, அனுபவத்துக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளுக்கு அங்கே தேவை இருக்கிறது, அங்கேயே நிரந்தரமாகத் தங்க பி.ஆர். கிடைக்கும் என்றார். இங்கிலீஷ் பரீட்சைதான் பாக்கி. என் வீட்டுக்காரர் ஒரு மழைக்காலம் முழுக்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, "மை நேட்டிவ் பிளேஸ் இஸ் வெரி பியூட்டிஃபுல்" என்று சொல்லிச் சொல்லிப் பழகினார். பாஸும் செய்துவிட்டார்.

ஒரே ஒரு தப்பு செய்தோம். அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. வள்ளியூரிலிருந்து இவரைக் கூட்டிவந்து, படுக்க இடம் கொடுத்து, தொழில் பழக்கி, என்னைப் பெண் பார்க்கவும் வந்த மனுஷர் அவர். அவரிடம் போய் உங்களை விட்டுப் போகிறேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. கனடாவுக்கு வேண்டிய அனுபவச் சான்றிதழை பேங்க் லோனுக்கு என்று சொல்லி நீட்டினார்.

"எதுக்குல இம்புட்டு இங்கிலீஷு?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். "வீடு வாங்கப் போறியா? நல்லாருல."

பிறகு ஒருநாள் சாயங்காலம் இவர் பட்டறையிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். சோறு போட்டேன். குழம்பை ஊற்றிப் பிசையும்போதே கதை ஆரம்பமாகிவிட்டது.

"இன்னைக்கி ஒரு பொம்பள அண்ணாச்சிக்கு போன் பண்ணி இங்கிலீஷ்ல பேசுனா வடிவு. அண்ணாச்சி முழிச்சாரு. ஏல, நீதான படிச்சிருக்க, பேசுன்னு போனை என் கையில குடுத்துட்டாரு. ஒரு தப்பு இல்லாமப் பேசுனேன். அவளே தேங்க்யூ வெரி மச்னுட்டா."

"என்ன கேட்டா?"

"ஒரு ஆளு இங்க வேலை பாக்கானான்னு கேட்டா. ஹி ஹேஸ் கான் டு ஹிஸ் நேட்டிவ் பிளேஸ் மேடம்னேன். எப்ப வருவான்னா. நாட் கமிங் பேக்னேன்."

"யாரைக் கேட்டா?"

பிசைந்த கை நின்றது.

"யாரைக் கேட்டான்னு கேக்கேன்."

"முத்துசெல்வம்னு கேட்டா," என்றார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அது நீங்கதான?"

"நாந்தான்."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். கையில் இருந்தால் அவருக்கு ஆபத்து.

பயந்தது போலவே நடந்தது. நீங்கள் அங்கே வேலை பார்ப்பதாகத் தெரியவில்லையே, விளக்கம் கொடுங்கள் என்று கனடா விசா ஆபீஸிலிருந்து மெயில் வந்தது. இரண்டு பேரும் மாட்டுங்காவுக்கு ஓடினோம். ஹரிகிருஷ்ணன் சார் மெயிலைப் படித்துவிட்டு, "உங்க ஓனர் ஏன் இப்படிச் சொன்னார்?" என்றார்.

"அவர் சொல்லல சார்."

"பின்னே யார் பேசினா?"

"நான்தான் பேசுனேன்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு இவரைப் பார்த்தார். "நீங்களே உங்களை இல்லைன்னேளா?"

"யாரோ கேக்காகன்னு நெனச்சு வாயில வந்துட்டு சார்."

"இங்கிலீஷ் வராதவா, சர்ட்டிஃபிகேட் இல்லாதவா எல்லாரையும் அனுப்பிச்சிருக்கேன். நான் நான் இல்லைன்னு சொன்ன கேஸ் இதான் முதல்," என்றார். அப்புறம் எங்கள் முகத்தைப் பார்த்து மனசு இளகி, தானே ஒரு விளக்கம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். "ஆனா மறுபடியும் கூப்பிடுவா. இந்தத் தடவை ஓனரே பேசணும். ஆமா, இருக்கார்னு சொன்னாப் போறும். இல்லைன்னுட்டா கதை முடிஞ்சது."

நேராகப் பட்டறைக்குப் போனோம். இவர் ஒரு பழைய கம்ப்ரஸரையே பார்த்துக்கொண்டு நின்றார். அது ஏதாவது பேசும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. கடைசியில் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கனடா, சான்றிதழ், போன், எல்லாவற்றையும்.

அண்ணாச்சி கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"பேங்க் லோன்னு சொன்ன."

"ஆமா அண்ணாச்சி."

"அங்க ஊரே ஃப்ரிட்ஜுக்குள்ள கெடக்காம். நீ போயி எதைல குளிர வைக்கப் போற?"

யாரும் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட சொன்னா தடுத்துருவேன்னு நெனச்சியா?"

"ஆமா அண்ணாச்சி."

"தடுத்துத்தான் இருப்பேன்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அதன்பிறகு அவர் எங்களோடு பேசவில்லை. வேலை சொல்வதென்றால் கூட வேலை பார்க்கும் அப்துல் ஹாதியைக் கூப்பிட்டு, "அந்தக் கூலர் ரிப்பேரை அந்த ஆளைப் பாக்கச் சொல்லு" என்பார். ஆள் பக்கத்திலேயே நிற்பார். அண்ணாச்சி எங்களுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்றே இல்லை. இத்தனை வருஷமாகச் சொல்லிவந்த பதிலை இன்னொரு தடவை சொன்னால் போதும். அவருடைய மிஸ்திரி அவரிடமே இருப்பார். யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவும் முடியாது.

விஷயம் சந்து முழுக்கப் பரவிவிட்டது. சந்தோஷப்பட்டவர்களைவிடக் குழம்பிப்போனவர்கள்தான் அதிகம். உதுமான் பாய் என்னிடம் நேராகவே கேட்டார்: "இல்ல இல்லன்னு சொல்லித்தானம்மா இத்தனை காலமா எல்லாரையும் காப்பாத்தியிருக்கோம். இப்ப இருக்கான்னு சொல்லச் சொல்றியே, வாய் வருமா?"

வராதுதான். பழக்கிப் பார்த்தேன். நான் கனடா மேடம் மாதிரி மூக்கால் பேசி, "முத்துசெல்வம் ஹை?" என்று அப்துல் ஹாதியிடம் இந்தியில் கேட்டேன், இருக்கிறாரா என்று. அவன் என் வீட்டுக்காரர் பிடித்திருந்த ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டே, "காவ் கயா" என்றான். ஊருக்குப் போயாச்சாம். திட்டினேன். மறுபடி கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கல் கயா" என்றான். நேற்றுத்தான் போனாராம்.

போன் மத்தியானத்தில் வந்தது. அன்றைக்கென்று நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அண்ணாச்சி எண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஸ்பீக்கரில் போட்டார். எதிரே டீக்கடையில் உதுமான் பாய் ஸ்டவ்வை அணைத்தார். சந்தில் அந்த ஸ்டவ் இரைச்சல் நின்றால் காது அடைத்த மாதிரி இருக்கும்.

இந்தத் தடவை அந்தப் பெண் இந்தியில் பேசினாள். முத்துசெல்வம் என்பவர் உங்களிடம் வேலை பார்க்கிறாரா?

அண்ணாச்சி இவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவர் குனிந்து ஒரு செப்புக் குழாயைத் தேய்த்துக்கொண்டிருந்தார், ஏற்கெனவே பளபளத்த குழாயை. எனக்கு அந்தக் கக்கூஸ் கதவு கண் முன்னால் வந்து மெல்லச் சாத்திக்கொண்டது. வெளியேயிருந்து.

"ஹலோ?" என்றாள் அவள்.

"ஹை," என்றார் அண்ணாச்சி. "இதர் ஹீ ஹை. மேரே சாம்னே."

என் முன்னால்தான் இருக்கிறான். சந்தில் அந்நியர் ஒருவருக்கு உண்மை சொல்லப்பட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. என்ன வேலை பார்க்கிறார் என்று அவள் கேட்டதுதான் தாமதம், போனில் கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்றார். இவனைப் போல மிஸ்திரி பம்பாய் முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான் என்றார். அவள் நடுவில் புகுந்து, அப்படியானால் போன தடவை அவர் ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னது யார் என்று கேட்டாள்.

"வோ பி யஹீ தா," என்றார் அண்ணாச்சி. அதுவும் இவன்தான். "ஜூட்டா நஹி ஹை மேடம். ஆதத் ஹை." பொய்க்காரன் இல்லை, பழக்கம்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நன்றி சொன்னாள்.

அண்ணாச்சி போனைப் பையில் போட்டார். "போதுமால?" என்று இவரிடம் கேட்டார். அத்தனை நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. அண்ணாச்சி கண்ணைத் துடைக்கக் கிரீஸ் துணியை எடுத்துவிட்டார். முகமெல்லாம் கறுப்பாகிவிட்டது. சாயங்காலம் வரை அப்படியே நடமாடினார். சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

இப்போது வின்னிபெக்கில் இருக்கிறோம். அண்ணாச்சி சொன்னது சரிதான், ஊர் ஃப்ரிட்ஜுக்குள்தான் கிடக்கிறது. ஆனாலும் இவருக்கு வேலை இருக்கிறது. எனக்கு என் கதவு கிடைத்துவிட்டது. முதல் நாள் தேவையே இல்லாமல் உள்ளே போய்த் தாழ் போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில், யாராவது தட்டினால் தேவலையே என்று இருந்தது.

இங்கே யாரும் யாரையும் கேட்டு வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. புது சிம் வாங்கியதும் இவருக்கு ஒரு குறும்பு தோன்றியது. "அண்ணாச்சிகிட்ட விளையாடுதேன் பாரு," என்று ஸ்பீக்கரில் போட்டு, குரலை மாற்றி, வெள்ளைக்காரன் பேசுகிற இந்தியில், "மிஸ்டர் முத்துசெல்வம் ஹை?" என்றார்.

பதில் எங்களுக்குத் தெரியாதா? ஊருக்குப் போயிருக்கான் என்று நானும் சேர்ந்து வாயசைக்கத் தயாராக இருந்தேன்.

"ஹை ஹை சார்," என்றார் அண்ணாச்சி, அவசர அவசரமாக. "இதர் ஹீ காம் கர்தா ஹை. அபி சாய் பீனே கயா."

இங்கேதான் வேலை பார்க்கிறான். இப்போதுதான் டீ குடிக்கப் போனான்.

அப்புறம் போனைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு அவர் தமிழில் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது. "பாய், கனடா நம்பரு. திரும்பவும் விசாரிக்கானுவ. நம்ம செல்வம் காரியம் கெட்டுரப்பிடாது. நீரும் இருக்கான்னே சொல்லும்."

ஸ்டவ் இரைச்சலுக்கு மேலே உதுமான் பாயின் குரல் வந்தது. "ஹை சார், ஹை. மேரே துகான் மே பைட்டா ஹை." என் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

என் வீட்டுக்காரர் போனைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வந்ததும் பேசச் சொல்லட்டுமா என்று அண்ணாச்சி இந்தியில் கேட்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் இவர்.