பூநாரைக்குப் பின்னால் ஒரு பச்சை

1

"இது வேண்டாம், விஜி. தண்ணியில விழாது."

"போன தடவை அந்த அரக்கு நன்னா விழுந்துதேன்னா?"

"அது கொக்கு. வெள்ளைக்குப் பின்னாடி அரக்கு எடுத்துக் குடுக்கும். இந்த வருஷம் ரோஸ் பூநாரை வந்துதுன்னா? பாசிப் பச்சை இருக்கான்னு கேளு."

தி. நகர் புடவைக் கடையில், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான் காதில் வாங்கிக்கொண்ட பேச்சு இது. இந்தக் கதையில் நிஜம் இந்தப் புடவைக் கடை மட்டும்தான். மீதி என் கற்பனை. விற்பனைப் பெண் பாவம், பட்டுப் புடவையை எதற்குத் தண்ணீரில் போடுகிறார்கள் என்று விழித்தாள். "சாயம் போகாது சார்," என்று எதற்கும் சொல்லி வைத்தாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். கணவர் சிரிக்கவில்லை. பச்சைப் புடவையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடி, தூர நின்று பார்த்தார். மனைவியின் தோளில் வைத்துப் பார்க்கவே இல்லை.

அந்தத் தோளுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மயிலாப்பூரில் மழை விட்டிருந்த ஒரு மாலை —"

வேண்டாம். என் நாவல்களில் பாதி மழையில்தான் தொடங்குகின்றன.

இரண்டாவது: "பரத்வாஜ் கெட்டவர் இல்லை." (இப்படி ஆரம்பித்தாலே நீங்கள் சந்தேகப்படுவீர்கள். ஆனால் விஜிக்கு ஜுரம் வந்தால் அவர் மிளகு ரசம் வைப்பார். சுமாராக இருக்கும். வைப்பார்.)

சரி, நேராகவே சொல்கிறேன். விஜயலக்ஷ்மி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பரத்வாஜ் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரில் நிற்கும் பறவைகளைப் படம் எடுப்பவர். ஞாயிறு காலையில் இருவரும் அடையாறு கழிமுகத்துக்குப் போவார்கள். அவர் இந்தக் கரையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார். அவள் மணல்திட்டைக் கடந்து அந்தக் கரைக்குப் போய், முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நிற்பாள். நடுவில் பறவை.

[இங்கே ஒரு விளக்கம் தேவை. அந்தப் பெரிய லென்ஸ் ஒரு தூரத்தை மட்டும்தான் தெளிவாகக் காட்டும்; எந்தத் தூரம் என்பதை அதன் மேல் இருக்கும் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி வைக்க வேண்டும். மற்றதெல்லாம் நிறமாகக் கரைந்துவிடும். தண்ணீர் என்றால் இன்னும் விசித்திரம். பறவையின் காலடி அலை கூர்மையாகத் தெரியும். அதே அலையில் விழும் எதிர்க்கரையின் பிம்பம் மட்டும் குழம்பிக் கிடக்கும். பக்கத்தில் இருக்கும் தண்ணீர், தூரத்தில் இருப்பதைத் தூரமாகவேதான் காட்டுகிறது. இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

அந்தக் குழம்பிய நிறம்தான் விஜி.

3

படங்களுக்கு நல்ல பெயர் கிடைத்தது. பறவைப் படம் எடுப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் உமர் ஃபாரூக் என்கிற நண்பர் கேட்டார்: "சார், கொக்குக்குப் பின்னாடி குங்குமத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி இருக்கே, எப்படி?"

பரத்வாஜ் பதில் போட்டார்: "லென்ஸோட குணம்."

விஜி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். அடுத்த வரி வரும் என்று நின்றாள். வரவில்லை. தோசைக்கு மாவு எடுத்து வைக்கப் போய்விட்டாள்.

4

அந்தக் கரையில் கோவிந்தம்மா மீன் விற்கப் போகிற வழி இருக்கிறது.

"இன்னா மாமி, வாரா வாரம் எங்க கரைக்கு வந்து பொடவ காய வச்சிகினு கீறே? உங்கூட்ல மாடி இல்லியா?"

"படம் எடுக்கறார்."

"படமா! உனக்கு இன்னா வேஷம்?"

"கொக்குக்குப் பின்னாடி நிக்கற வேஷம்."

"அப்போ ஈரோயினி கொக்கா? நல்லா கீது போ!"

கோவிந்தம்மா கூடையோடு குலுங்கிச் சிரித்துக்கொண்டே போனாள். விஜியும் சிரித்தாள். காதில் மாட்டியிருந்த போனில் பரத்வாஜின் குரல்: "ஆடாதே விஜி, கலர் ஆடறது."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

5

இந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். விஜி வாயைத் திறக்க வேண்டும். என்ன கேட்பாள்?

என் மகள் அனன்யா படித்துவிட்டுச் சொன்னாள்: "படத்துக்குக் கீழ தன் பேரைப் போடச் சொல்லணும்மா. இதுல என்ன யோசனை?" எழுதிப் பார்த்தேன். விஜி சொல்ல மறுத்தாள். "பேர் போட்டா, கலருக்குப் பேர் போட்ட மாதிரின்னா ஆயிடும்," என்றாள். கணக்கு டீச்சரிடம் வாதாட முடியவில்லை.

இன்னொரு முடிவு: ஒரு ஞாயிறு அவள் போகாமல் இருக்கிறாள். படம் சாம்பலாக வருகிறது. அவர் ஓடி வந்து —

இல்லை. அது தண்டனை. அவளுக்கு அவரைத் தண்டிக்க ஆசையே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அவளுக்குப் பிடிக்கும். அந்தக் கரையில் நிற்கும்போதுகூட, அவர் தன் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பிடிக்கும். என்றைக்காவது அந்தப் பார்வை பறவையைத் தாண்டித் தன்வரைக்கும் வரும் என்று காத்திருக்கிறாள்.

எனக்கே இதை எழுதிய பிறகுதான் தெரிந்தது. புடவைக் கடைக்குத் திரும்பிப் போங்கள். தோளில் வைத்துப் பார்க்கவே இல்லை.

6

ஆகவே பூநாரையை வரவழைக்கிறேன். ஒன்றே ஒன்று, தனியாக. வருஷக்கணக்காக அவர் காத்திருந்த பறவை. தை மாத வெயில் இளசாக இருக்கிறது. காற்றே இல்லை. அவர் முழங்கையெல்லாம் சேறு. எதிர்க்கரையில் பாசிப் பச்சை விரிந்திருக்கிறது. நடுத் தண்ணீரில் இளஞ்சிவப்புப் பறவை, அதைச் சுற்றிலும் பச்சை.

"விஜி, அசையாதே. இப்படி ஒரு படம் இனிமே கிடைக்காது. தலையைத் தூக்கினதும் எடுத்துடறேன்."

பூநாரை தலையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. தூக்கிய மறுநொடி பறந்தாலும் பறந்துவிடும்.

என் வழக்கமான வாசகிகள் கடைசிப் பக்கத்தில் கைகள் கோத்துக்கொள்வதை எதிர்பார்ப்பார்கள். இந்த முறை அவரை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஃபோகஸ் வளையத்தை அவர் விரல் எந்தப் பக்கம் திருப்பும் என்று நீங்களே சொல்லுங்கள். ரசம் வைக்கிற மனுஷர் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பூநாரை தலையைத் தூக்கியது. விஜி முந்தானையை விரித்திருந்த கைகளைக் கீழே இறக்கினாள். பச்சை சுருங்கி, அவள் தோளுக்கு வந்து சேர்ந்தது.

"விஜி! என்ன பண்றே?"

"ஏன்னா, பறவை மங்கலா இருக்கட்டும். ஒரே ஒரு தடவை ஃபோகஸை என் மேல வையுங்கோ."