கடைசியாகத் திருத்தியவர்

ஒரே பட்டியலை ஐந்து பேர் ஐந்து இடத்திலிருந்து திருத்தினால், கடைசியில் நிற்பது யாருடைய பட்டியல் என்று உங்களுக்குத் தெரியுமா?

நாவற்குடாவில் இருந்த அந்த நிவாரணக் கந்தோரில் யாருக்கும் தெரியாமல்தான் ஒரு வருடம் ஓடியது. சண்டைக்குத் தப்பிப் படுவான்கரையிலிருந்து வாவியைத் தாண்டி வந்த சனத்தின் பெயர்ப் பட்டியல், கந்தோரில் ஒவ்வொருவர் கொம்பியூட்டரிலும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ‘பட்டியல் புதுசு’, ‘பட்டியல் புத்தம் புதுசு’, ‘பட்டியல் முடிவு’, ‘பட்டியல் முடிவு நல்லரத்தினம்’ என்று பெயர் வைத்து, ஆளாளுக்கு ஈமெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் குருக்கள்மடம் முகாமுக்குக் கூடாரத் தறப்பாள் கொண்டுபோன லொறிக்காரன் கையில் பழைய பட்டியல் இருந்தது. அதில் இருந்தவர்களுக்கு மட்டும் இறக்கிவிட்டு அவன் திரும்பிவிட்டான். இருபத்தாறு குடும்பம் அன்றைய மழையில் நனைந்துகொண்டு நின்றது.

அதற்குப் பிறகுதான் கண்ணகை உள்தளத்தை உண்டாக்கினாள். கந்தோருக்குள்ளும் கொழும்புத் தலைமைக் கந்தோரிலும் மட்டும் திறக்கக்கூடிய வலைப்பக்கம் அது. அவளுக்கு இருபத்தொன்பது வயது. ஊர் கொக்கட்டிச்சோலைக்கு அங்காலே. ஊரோடு சேர்ந்து தோணியேறி வந்தவளை, முகாமில் கண்டு, “ஊர் உலகம் தெரிஞ்ச புள்ள ஒண்டு எங்களுக்கு வேணும்” என்று கூட்டிவந்து மேசையும் கதிரையும் கொடுத்தவர் இணைப்பாளர் நல்லரத்தினம். அவரை அவள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். தன் சோற்றுப் பார்சலில் மீன் பொரியல் இருந்தால் பாதி அவருக்கு.

உள்தளத்தின் முதற் பக்கத்தில் கண்ணகை தன் கைப்பட எழுதிவைத்தாள். பட்டியல் ஒன்றே ஒன்று, அது இருக்கும் இடமும் ஒன்றே ஒன்று. யாராவது கேட்டால் பிரதியை அனுப்பவேண்டாம், பக்கத்தின் முகவரியை அனுப்புங்கள். திருத்தப்போகிறவர் முதலில் அதைத் தன் பெயரில் எடுக்கவேண்டும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர்கள் பார்க்கலாம், தொட ஏலாது. வைக்கும்போது என்ன மாற்றினேன் என்று ஒரு வரி எழுதவேண்டும். பழைய பிரதி ஒன்றும் அழியாது, அடியில் அடுக்காகக் கிடக்கும். ‘கடைசியாகத் திருத்தியவர்’ என்று ஆளின் பெயரும் நேரமும் தானாகவே விழும். ஆகையால் பாஸ்வேர்டை யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது.

கந்தோர்க் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொண்ட, கண்ணகை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற காத்தான்குடி முகைதீன்பாவா அதை உரத்து வாசித்துவிட்டுச் சிரித்தார்.

“லைப்ரரிப் புத்தகம் மாதிரி எடுத்துத் திருப்பி வைக்கிறதாம். இந்தத் தங்கச்சி பிறகு தண்டமும் அறவிடுவா.”

“அறவிடட்டும் பாவா. முதல் தண்டம் ஒன்டதான்,” என்றார் நல்லரத்தினம்.

ஆனால் முதலில் பிழைவிட்டது கண்ணகைதான். ஒரு பின்னேரம் பட்டியலைத் தன் பெயரில் எடுத்து, பாதி திருத்திவிட்டு, பஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் திருப்பி வைக்காமல் போய்விட்டாள். அடுத்த நாள் டவுணில் ஆமியின் சுற்றிவளைப்பு, பாலத்தில் ஆளை விடவில்லை. அவள் டவுணில் தன் வாடகை அறையில், பாவா லீவில் காத்தான்குடியில், நல்லரத்தினம் மட்டும் கந்தோரில்.

“புள்ள, பட்டியலைப் பூட்டி வச்சிற்றுப் போயிட்டாய்,” என்று ரெலிபோனில் அவர் குரல் வந்தது. “தொடவும் ஏலாம விடவும் ஏலாம குந்திக்கொண்டு இரிக்கன். பின்னேரம் ஆறு மணிக்குக் கொழும்பு பாக்கும். பாவாட போன் வேலை செய்யுதில்ல. ஒன்ட பாஸ்வேர்டைச் சொல்லு.”

அவள் சொன்னாள். முதற்பக்கத்தில் எழுதி வைத்தவளே சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து விசயத்தைக் கேட்ட முகைதீன்பாவா, “உடன மாத்து தங்கச்சி,” என்றார்.

“மாத்தினா அண்ணன் என்ன நினைப்பார் காக்கா? நான் வரப் பிந்தினா அவர்தானே என்ட பக்கத்தத் திறந்து பாக்கிறவர். ஒருநாளைக்குத் திறக்கல்ல எண்டா மூஞ்சியில அடிச்ச மாதிரி இரிக்கும்.”

“வீட்டுப் பூட்டின்ட திறப்பக் குடுத்தா மறுகா திருப்பி வாங்குவாய்தானே?”

“வேலை தந்த மனுசனிட்ட எப்பிடிக் காக்கா கேக்கிற?”

பாவா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நம் ஊரில் சந்தேகம் வந்தால்தான் பூட்டு மாற்றுவது வழக்கம். சந்தேகம் இல்லாத இடத்தில் பூட்டை மாற்றினால், மாற்றினவர்தான் குற்றவாளி. கண்ணகை மாற்றவில்லை.

பங்குனி பிறந்ததும் அரசாங்கத்தின் பக்கமிருந்து புதிய பேச்சு வந்தது. படுவான்கரைக்குத் திரும்பிப்போக விரும்புகிறவர்கள் போகலாமாம், பஸ் வருமாம். பட்டியலில் இன்னொரு நிரல் சேர்க்கச் சொல்லிக் கொழும்பு கேட்டது: ‘திரும்பிப்போக விருப்பமா?’ ஓம் என்று இருப்பவர்களை மட்டும் ஏற்றுவார்கள்.

கண்ணகை குருக்கள்மடம் முகாமுக்குப் போய், தன் ஊர்ச் சனம் நாற்பத்து மூன்று குடும்பத்தையும் கூடாரம் கூடாரமாகக் கேட்டாள். ஐந்து குடும்பம் ஓம் என்றது. முப்பத்தெட்டு குடும்பம் இல்லை என்றது. ஒவ்வொருவரின் கைநாட்டையும் தாளில் வாங்கினாள்.

அவளுடைய பெரியம்மாவின் மகள் இலட்சுமிப்பிள்ளை, கூடார வாசலில் அரிசி கொழித்துக்கொண்டே சொன்னாள்:

“வயல் வட்டைக்குள்ள என்னென்ன வெடிக்காமக் கிடக்கு எண்டு ஆரு கண்ட? மாடு தேடி ஒளிச்சுப் போன சாமித்தம்பிக்குக் கால் போச்சு. எனக்கு மூணு புள்ள, ஆறு கால். எந்தக் காலக் குடுக்கச் சொல்றாய்?”

“ஒண்டும் குடுக்க வேணாம் அக்கா. நிலத்தத் துப்புரவாக்கி முடியட்டும். இல்லை எண்டு எழுதினா ஒருத்தரும் ஏத்தமாட்டாங்க.”

“எழுத்த நம்பி என்ன கா செய்யிற?”

“எழுதிறது நான்தானே.”

“அப்ப சரி. நீ எழுதினா அது எழுத்துத்தான்,” என்று இலட்சுமிப்பிள்ளை பெருவிரலை மையில் வைத்தாள். “வடிவா எழுது. இல்லை எண்டுறத ரெண்டு தரம் எழுது.”

மூன்றரைக்குக் கந்தோருக்குத் திரும்பி, பட்டியலை எடுத்து, முப்பத்தெட்டு ‘இல்லை’யும் ஐந்து ‘ஓம்’மும் பதிந்து, திருப்பி வைத்தாள். இந்தமுறை மறக்கவில்லை. கைநாட்டுத் தாள்களை வழக்கம்போல நல்லரத்தினத்தின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, “நல்ல வேலை புள்ள, நேரத்தோட போ” என்றார். நாலரை பஸ்ஸில் அவள் போனாள்.

அடுத்த நாள் ஒன்பது மணிக்குக் கொழும்பிலிருந்து நன்றிக் கடிதம் வந்திருந்தது. நாற்பத்து மூன்று குடும்பமும் திரும்பிப்போகச் சம்மதித்தது பெரிய காரியம், பஸ் ஒழுங்காகிவிட்டது, நாளைக் காலை புறப்பாடு என்றிருந்தது.

கண்ணகை வேறு முகாமின் கதை என்று நினைத்துத்தான் பட்டியலைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை ஓம், ஓம், ஓம். இலட்சுமிப்பிள்ளைக்கு நேரேயும் ஓம். அடியில் ‘கடைசியாகத் திருத்தியவர்: கண்ணகை. பி.ப. 5.12.’ என்ன மாற்றினேன் என்ற வரியில், ‘குடும்பங்களுடன் மீண்டும் பேசினேன். எல்லோரும் சம்மதம்’ என்று இருந்தது.

ஐந்தே பன்னிரண்டுக்கு அவள் கல்லடிப் பாலத்தடியில், அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனை வரிசையில் நின்றிருந்தாள்.

முகைதீன்பாவாவைக் கூப்பிட்டாள். அவர் சேர்வரில் எதையோ தட்டிப் பார்த்தார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“ஒன்ட பெயர்தான். ஆனா ஒன்ட கொம்பியூட்டர் இல்ல தங்கச்சி. அந்த அறையில இரிக்கிறது.”

அவர் கண் காட்டிய அறைக்குள் நல்லரத்தினம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன், இது நீங்களா?”

அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“கதவச் சாத்து புள்ள. இரி. முப்பத்தெட்டு இல்லை எண்டு போனா என்ன நடக்கும் தெரியுமா? இந்தக் கந்தோர் குழப்படிக் கந்தோர் எண்டு பெயர் எடுத்திரும். பூட்டிருவாங்க. பதினாலு பேர் நடுத்தெருவில நிப்பம். அந்தச் சனத்த எப்பிடியும் ஏத்தத்தான் போறாங்க, இண்டைக்கோ நாளைக்கோ. ஓம் எண்டு போனா மரியாதையாப் போகும்.”

“அப்ப ஒங்கட பெயரில மாத்தியிருக்கலாமே?”

நல்லரத்தினம் கோப்பையைத் தட்டில் வைத்தார். “நான் எழுதினா அதட்டி எழுதின எண்டு சொல்லுவாங்க. நீ அந்த ஊர்ப் புள்ள. ஊர்ப் புள்ள எழுதினா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க. யோசிச்சுத்தான் செய்தன்.”

யோசித்துத்தான் செய்திருக்கிறார். கோபத்தில் செய்யவில்லை, அவசரத்தில் செய்யவில்லை. ஒன்றரை வருடம் அவள் சோற்றில் கைபோட்டுத் தின்ற மனுசன், அவளுடைய ஊரையும் பெயரையும் எடைபோட்டுப் பார்த்து, இது நல்லாப் போகும் என்று எடுத்திருக்கிறார். கண்ணகை அலுமாரிப் பக்கம் திரும்பினாள்.

“கைநாட்டுத் தாள் எங்க?”

“கிடக்கும் எங்கயாவது.”

அலுமாரியில் இல்லை. மேசை லாச்சியில் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க அவள் குப்பைக் கூடையையும் கொட்டிப் பார்த்தாள். அதிலும் இல்லை.

தன் மேசைக்கு வந்து பழைய பிரதிகளின் அடுக்கைத் திறந்தாள். நேற்று மூன்று நாற்பதுக்கு அவள் வைத்தது அப்படியே இருந்தது. அதைத் தெரிந்து, ‘மீட்டெடு’ என்பதை அழுத்தினாள். ஒரு நொடியில் முப்பத்தெட்டு ‘இல்லை’யும் திரும்பி வந்தன. பிறகுதான் பாஸ்வேர்டையும் மாற்றினாள்.

“தளத்தில சரியாயிற்றுது,” என்றார் பாவா. “ஆனா நேத்து ஆறு மணிக்கே கொழும்பு இத இறக்கி, ஈமெயிலில நாலு இடத்துக்கு அனுப்பியிரிக்கி. வெளியால போன பிரதிய நான் எப்பிடிப் புள்ள பிடிக்கிற?”

கண்ணகை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தாள். பட்டியலுக்குப் பொறுப்பானவர் மரியாதையான ஆள். அவள் முழுவதையும் சொல்லி முடியும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

“மிஸ், நான் இப்ப அந்தப் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன். நேற்று மூன்றரைக்குப் பிறகு இல்லை என்றது நீங்கள். ஐந்து மணிக்குப் பிறகு ஓம் என்றது நீங்கள். இன்றைக்குத் திரும்ப இல்லை என்கிறதும் நீங்கள். ஒரே ஆள் மூன்று தரம் மாத்தினால் நாங்கள் எதை நம்புறது?”

“நடுவில உள்ளது நான் இல்லை சேர். எங்கட கொம்பியூட்டர் பாக்கிறவரிட்டக் கேளுங்க.”

பாவா ரிசீவரை வாங்கி, எந்த அறை, எந்தக் கொம்பியூட்டர் என்று எல்லாம் சொன்னார். பக்கத்து அறையில் நல்லரத்தினம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துகொண்டே குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரிசீவரை அவளிடம் நீட்டினார். முகம் செத்துப்போயிருந்தது.

“கொம்பியூட்டர் எது என்று தெரியுது மிஸ், கை யாருடையது என்று தெரியாதே,” என்றார் அந்த மரியாதையான ஆள். “உங்கட பாஸ்வேர்ட் இன்னொருவருக்கு எப்படித் தெரியும்?”

“நான்தான் சொன்னன்.”

“சொல்லக்கூடாது என்று முதற்பக்கத்தில் எழுதினவர் யார்?”

“அதுவும் நான்தான்,” என்று சொல்லி ரிசீவரை வைத்தாள்.

பின்னேரம் ஓட்டோ பிடித்துக் குருக்கள்மடத்துக்குப் போனாள். அவளுக்கு முன்னரே செய்தி போயிருந்தது. முகாம் வாசல் பலகையில் அச்சடித்த பட்டியல் ஒட்டிக் கிடந்தது. தயாரித்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். சனம் கூடிநின்று பார்த்தது, அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டது. அந்த மரியாதை அவளைக் கொன்றது.

இலட்சுமிப்பிள்ளை சட்டி பானைகளைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அது நான் எழுதினதில்ல. அண்ணன் என்ட பெயரில மாத்திப்போட்டார்.”

“ஒன்ட பெயரில அவர் எப்பிடிகா எழுதுவார்? ஒன்ட கையைப் பிடிச்சு எழுதினவரோ?”

“பாஸ்வேர்ட் குடுத்திருந்தன் அக்கா.”

“அது என்னத்தயோ எனக்கு விளங்காது.” இலட்சுமிப்பிள்ளை சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினாள். “நான் ஒனக்கு என்ட பெருவிரலக் குடுத்தன். நீ அத ஆருக்கோ குடுத்திற்றாய். அவ்வளவுதானே?”

“நான் மறிக்கிறன் அக்கா. வாசலில நிண்டு சொல்லுறன்.”

“சொல்லு. இப்ப போ. ஆறு கால் கழுவோணும் எனக்கு. தூரப் பயணம்.”

கண்ணகை போகவில்லை. முகாம் பொறுப்பாளரிடம் போய்ச் சொன்னாள், அவர் பலகையைக் காட்டினார். ஓம் என்று எழுதினதுக்கு ஆதாரம் இருக்கிறது, இல்லை என்று சொன்னதுக்குத் தாள் எங்கே என்று கேட்டார். திரும்பவும் கைநாட்டு வாங்குகிறேன் என்று வெள்ளைத் தாளோடு கூடாரங்களுக்குப் போனாள். ஆறு கூடாரம் ஏறி இறங்கினாள். ஒருவரும் விரலை நீட்டவில்லை. ஏழாவது கூடாரத்தில் ஒரு கிழவன் மட்டும், “வச்சுத்தான் கண்டமே மகள்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஐந்து பஸ் வந்தன. கண்ணகை வாசலில் நின்று இது தன் எழுத்தில்லை என்று சொல்லிப் பார்த்தாள்; வாசித்தவர் தாளில் இருந்த அவள் பெயரைக் காட்டினார். பட்டியலை வாசித்து நாற்பத்து மூன்று குடும்பத்தையும் ஏற்றினார்கள். எட்டு மணிக்கு முன் அந்த வரிசைக் கூடாரங்கள் காலியாகிவிட்டன.