நிறைந்திருந்த பாட்டில்கள்

முப்பது பெண்கள் தைக்கும் வரிசைக்கு ஒரே ஒரு டோக்கன். கழிப்பறைக்குப் போகிறவள் சூப்பர்வைசரிடம் அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். அந்தத் தையல் ஆலையிலேயே டோக்கன் மிகக் குறைவாகப் போய்வருவது இந்த சூப்பர்வைசரின் வரிசையில்தான். மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் கைதட்டியபோது அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அதே வரிசையில்தான் அவளுடைய தம்பி மனைவியும் தைத்தாள், ஐந்து மாத வயிற்றோடு. வீட்டில் அண்ணி, இங்கே மேடம். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதே என்று, அவளிடம் மட்டும் கூடுதலாகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் இந்த மகராசி.

ஒரு நாள் மதியம் தம்பி மனைவி தையல் இயந்திரத்தின் மேலேயே சரிந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. முகத்தில் தெளிக்க அவளுடைய தண்ணீர் பாட்டிலை எடுத்தாள் சூப்பர்வைசர். காலையில் நிரப்பியது கழுத்துவரை அப்படியே இருந்தது. பக்கத்து மேசையைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும் பார்த்தாள். முப்பது பாட்டில்களும் நிறைந்தே இருந்தன.

"என்னடி இது? யாருமே தண்ணி குடிக்கலையா?"

"குடிச்சா போகணும் மேடம்," என்றாள் காலர் தைப்பவள், தலை நிமிராமல். "போனா நீங்க வாட்சைப் பாப்பீங்க."

மருத்துவமனையில் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "சிறுநீர்ல கிருமி தொத்தி கிட்னி வரைக்கும் ஏறியிருக்கு. ரொம்ப நாளா அடக்கியிருக்காங்க. அவங்களக் காப்பாத்திடலாம். குழந்தையப் பத்தி இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

ஓடிவந்த தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நீ கூட இருக்கேன்னுதானக்கா தைரியமா அனுப்பினேன்," என்றான். அழக்கூடத் தனக்கு அருகதை இல்லை என்று நினைத்தாள் அக்கா.

கைபேசி அடித்தது. மேனேஜர்.

"எப்படி இருக்காங்க? பாவம். நாளைக்கு வந்துருவீங்கல்ல? நம்ம நம்பர் ஒன் வரிசையாச்சே."

"தாகத்த அடக்கி வாங்கின நம்பர் ஒன் சார் அது. நாளைக்கு வரேன், டோக்கன் முறைய எடுத்துடுங்க. எடுக்கலேன்னா வரிசையில மிச்சமிருக்கற எல்லாரையும் வேலைய நிறுத்தி வாசல்ல உக்கார வெப்பேன்."

"உற்பத்தி என்னம்மா ஆகறது?"

"ஆளு விழுந்தப்புறம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடறது நிர்வாகம் இல்ல சார். விழாம பாத்துக்கறதுதான் நிர்வாகம். உடம்பு நல்லா இருந்தாத்தான் வேலையும் நல்லா நடக்கும்." கையிலிருந்த வாட்சைக் கழற்றினாள். "இத நேத்தே சொல்லியிருந்தா நான் மனுஷி."