முந்நூறு வாட்ஸ் பெட்டி

கம்ப்யூட்டர் அணைந்தால் ஜேசுதாஸ் வருவான். அவன் வரவேண்டும் என்பதற்காகவேதான் அது அணைகிறது என்று ஆரோக்கியதாஸ் முடிவே கட்டிவிட்டார்.

மலைமேல் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒண்டிக்கடைப் பக்கம் சின்ன வீடு. முன்னறையில் மகள் இன்பமேரி கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். மனைவி போன பிறகு அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான். சேலத்தில் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கும் இந்த ஜேசுதாஸைத்தான் கட்டிக்குவேன் என்று அவள் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போய்விட்டால் தனியாகக் கிடக்கவேண்டுமே என்ற பயம். அந்தப் பயத்துக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் ஜாக்கிரதை.

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையைக் கடையில் வாங்கும்போதே தகராறு ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க ஐயா, போர்டு, ஹார்ட் டிஸ்க், சி.டி. டிரைவ் எல்லாத்தையும் கூட்டினா நூத்தைம்பது வாட்ஸ் வருதுங்க. மேல கொஞ்சம் விட்டு, எரநூத்தைம்பதுல நல்ல கம்பெனிப் பெட்டியாப் போட்டுக்கலாமுங்க" என்றான் ஜேசுதாஸ்.

அதே விலைக்குக் கடைக்காரர் முந்நூறு வாட்ஸ் ஒன்றை எடுத்து வைத்தார். ஆரோக்கியதாஸ் இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தார். காப்பிப் பழத்தைத் தண்ணீரில் கொட்டினால் மிதப்பது சொத்தை, அடியில் தங்குவது நல்லது. ஆயுள் முழுக்கப் பார்த்த வேலை. முந்நூறு கனமாக இருந்தது. அதிக வாட்ஸ் இருப்பதை விட்டுவிட்டு லேசானதைத் தலையில் கட்டப் பார்க்கிறானே, கமிஷன்தான் என்று நினைத்துக்கொண்டு கனமானதையே வாங்கினார்.

பத்திரிகைக்குப் படம் எடுக்க சி.டி.யைப் போட்டு அது சுழல ஆரம்பித்ததும் கம்ப்யூட்டர் பொட்டென்று அணையும். ஒவ்வொரு தடவையும் ஜேசுதாஸ் மலையேறி வந்தான். ஆரோக்கியதாஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாம் தடவை அவன், "பவர் சப்ளைய மாத்திரலாமுங்களா?" என்றதும் எழுந்துவிட்டார்.

"உம்பட பெட்டிய உள்ள நுழைக்கத்தானே இத்தன நாளும் கெடுத்துட்டிருந்த? இனி இந்த ஊட்டுப் படி ஏறாத!"

அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனான்.

மறுநாள், அவன் செய்த தில்லுமுல்லை மகள் கண்ணிலேயே காட்டிவிடுவது என்று ஆரோக்கியதாஸ் பெட்டியைக் கழற்றி மேஜையில் வைத்தார். திருகாணிமேல் ஒட்டியிருந்த கம்பெனி சீலைக் கத்தியால் கிழித்தார். மூடியைத் திறந்தார்.

முந்நூறு வாட்ஸ் என்று எழுதிய பெட்டிக்குள் முக்கால்வாசி காலி. அடியில் பசை போட்டு ஓர் இரும்புக் கட்டியை ஒட்டி வைத்திருந்தார்கள்.

பழ மூட்டைக்குள் கல்லைப் போட்டு எடை காட்டியவர்களை எத்தனையோ முறை பிடித்த மனிதர். அப்போதும் அவர் வாயில் வந்தது வேறு.

"பாத்தியா கண்ணு? அந்தப் பையன் இரும்ப வெச்சு ஏமாத்தியிருக்கறான்!"

"இப்பத்தானுங்களே சீலக் கிழிச்சீங்க?" என்றாள் இன்பமேரி. "அதுக்கு முன்னால யாருங்கப்பா உள்ள வெக்க முடியும்?"

கத்தி இன்னும் அவர் கையில்தான் இருந்தது. மேஜையில் வைத்தார்.

"ரெண்டாந் தடவை வந்தப்பவே அவரு ஃபேன் சந்துல டார்ச் அடிச்சு இந்த இரும்பப் பாத்துட்டாரு. அப்பா கைப்படத் தூக்கிப் பாத்து வாங்குனது, நாஞ் சொல்லித் தெரிஞ்சா அவருக்கு நொம்ப அவமானமாப் போயிரும், நீயும் சொல்லிறாதன்னாரு. நானுஞ் சொல்லுல."

"சொல்லியிருக்கலாமில்ல, கண்ணு?"

"நம்பியிருப்பீங்களாங்க?"

ஆரோக்கியதாஸுக்கு வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது.

"நாளைக்கு நான் சேலம் போறனுங்கப்பா" என்றாள். "கூட வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுங்களா?"

எதற்கு, யாரைப் பார்க்க, எப்போது திரும்புவாய் என்று எல்லாக் கேள்வியும் தொண்டைவரைக்கும் வந்தன. ஒன்றையும் அவர் கேட்கவில்லை.

"மொத பஸ்ஸுக்கே போலாஞ் சாமி" என்றார்.