ஐந்தாவது டிரம்

மைதானத்துக்குள் நடக்கும் நடுவருக்கு முதல் வேலை மிதிபடாமல் இருப்பது. பள்ளி பேண்டு போட்டியில் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். வாசித்துக்கொண்டே கோடாவார்கள், வட்டமாவார்கள், சட்டென்று உடைந்து சிதறிச் சேர்வார்கள். மற்ற நடுவர்கள் மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மொத்தத்தையும் பார்ப்பார்கள்; ஒருவர் இசைக்கு, ஒருவர் நடைக்கு. தாள நடுவர் மட்டும் கீழே இறங்கி, டிரம்களுக்கு நடுவே புகுந்து, காதில் விழுவதை அப்போதைக்கப்போது ரெக்கார்டரில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பதிவு பிறகு பிள்ளைகள் கைக்குப் போகும்.

தாள நடுவராக இருந்த இத்தனை வருடத்தில் அவள் ஒரு பிள்ளையின் முகத்தையும் பார்த்ததில்லை. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் மார்க் ஏறும். தரையைப் பார்த்தே நடப்பாள்; கேட்டதற்கு மட்டும்தான் மார்க்.

அன்று மதியம் வந்த பேண்டின் பாஸ் டிரம்கள் அவளை இழுத்துக்கொண்டன. மார்பில் மாட்டி அடிக்கும் இந்தப் பாஸ் டிரம்களில் ஒரு வேடிக்கை உண்டு. வழக்கமாக ஐந்து இருக்கும்; சின்னதிலிருந்து பெரியதுவரை ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஆளுக்கு ஒரே ஒரு அடி. முதல் ஆள் அடித்து முடிப்பதற்குள் அடுத்தவர், அதற்குள் அடுத்தவர். சரியாக விழுந்தால் படிக்கட்டில் பந்து உருள்வதுபோல ஒரே ஓட்டமாகக் கேட்கும். ஒரு அடி தவறினால் போதும், பல் விழுந்த வாய்தான்.

இந்த ஓட்டத்தில் பல் ஒன்றும் விழவில்லை. கடைசி அடி, பெரிய டிரம்மின் அடி, நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது.

“அஞ்சாவது டிரம், பிரமாதம்!” என்றாள் ரெக்கார்டரில். “நீதான் மொத்த ஓட்டத்தையும் தாங்குற. விட்டுடாதே.”

அணி திரும்பியது. பெரிய டிரம் தன்மேல் வருவதை உணர்ந்து அவசரமாக ஒதுங்கினாள். கை நிறைய மார்க் போட்டாள். அந்த மார்க் மாலை இறுதிச் சுற்றுக்கு அவர்களைக் கொண்டுபோய்விடும்.

அதோடு இடைவேளை. நடை நடுவர் டீயோடு வந்தார். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி.

“என்னம்மா, யாருக்கு அப்படிப் பவ்யமா வழி விட்டீங்க?”

“பெரிய டிரம் வந்து மோதியிருக்குமே சார்.”

“எந்தப் பெரிய டிரம்? அவங்ககிட்ட இருக்கறதே நாலுதான். அஞ்சாவது இடம் காலி. நான் அதுக்கு மார்க்கே வெட்டிட்டேன்.”

“சும்மா விளையாடாதீங்க.”

“நான் ஏம்மா விளையாடப்போறேன்? அந்த அஞ்சு அடியை நாலு பேருக்குப் பிரிச்சு எழுதிக்கலாம், ஒரு சாயங்கால வேலை. என்ன பிடிவாதமோ! வெயில் உங்க மண்டையில ஏறிடுச்சு, டீயைக் குடிங்க.”

அவள் டீயைக் குடிக்கவில்லை. ஹெட்போனை மாட்டிப் பதிவை ஓடவிட்டாள். நான்கு அடிகள். ஐந்தாவது விழ வேண்டிய இடத்தில் காற்றின் இரைச்சல். அதன்மேல் அவளுடைய குரலே வந்தது, பாராட்டிக்கொண்டு. மறுபடி போட்டாள். அதே காற்று.

இடைவேளை முடியும்வரை மார்க்கை மாற்றலாம். இல்லாத டிரம்மைக் கேட்டவள் என்று பெயர் வந்தால் நாளை யார் கூப்பிடுவார்கள்? நடுவரிடம் இருக்கும் ஒரே சொத்து காது. ஆனால் குறைத்தால் அந்தப் பிள்ளைகளின் வருடம் இங்கேயே முடிந்துவிடும். மார்க் போடும் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு மணி அடிக்கப்போகும் நேரம்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு நான்கு டிரம்முக்கு உண்டான மார்க்கைப் போட்டு அனுப்பினாள்.

அந்தப் பேண்டு மயிரிழையில் இறுதிச் சுற்றைத் தவறவிட்டது.

முடிவு வந்ததும் பேண்டு மாஸ்டர்கள் நடுவர்களிடம் வந்து விளக்கம் கேட்பது வழக்கம். அந்தப் பள்ளி மாஸ்டர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தாள். வந்தவர் அவளுடைய பதிவு இருந்த ரெக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு, ஓசைப்படாமல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“மேடம், அஞ்சாவது டிரம் அடிச்ச பொண்ணு மழைக்காலத்துல காய்ச்சல்ல போயிட்டா. பாட்டை நாலு பேருக்கு மாத்தி எழுதிக் கொடுத்தேன். பசங்க வாசிக்க மாட்டேன்னுட்டாங்க.”

“அஞ்சலிக்காக இடத்தைக் காலியா விட்டீங்களா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ‘இல்ல சார், அவ வாசிச்சுட்டுத்தான் இருக்கா, அவ அடியை நாங்க எப்படி எடுத்துக்கறது’ன்னாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. இந்த வருஷம் வந்த எந்த ஜட்ஜுக்கும் கேக்கல. ஓட்டை, ஓட்டைன்னு எல்லாரும் வெட்டுனாங்க.” ரெக்கார்டரை விரலால் அவள் பக்கம் தள்ளினார். “உங்களுக்குக் கேட்டிருக்கு. ஆனா நீங்களும் வெட்டியிருக்கீங்க.”

அவள் ரெக்கார்டரை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“மார்க் போனா போகட்டும் மேடம். நாலு பேரும் வெளியில நிக்கறாங்க. கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.”

பிள்ளைகளிடம் நடுவர் நேரில் பேசக் கூடாது. ஆனாலும் அவள் எழுந்து போனாள். நடைபாதையில் சுவரோரமாக நான்கு பேர். முதல் தடவையாக முகங்களைப் பார்த்தாள். அழுது முடித்த முகங்கள் அல்ல. எதற்கோ காத்திருக்கும் முகங்கள்.

“எனக்குக் கேட்டுச்சு” என்றாள். “அஞ்சும் கேட்டுச்சு.”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன டிரம்காரி முன்னால் வந்தாள்.

“அப்புறம் ஏன் மேடம் குறைச்சீங்க?”

ரெக்கார்டர், விதி, காற்று என்று சொல்ல எத்தனையோ இருந்தன.

“பயந்துட்டேன்மா.”

அந்தப் பெண் கோபப்படவில்லை. புரிந்தது என்பதுபோலத் தலையசைத்தாள்.

“நாங்களும் மொதல்ல பயந்தோம்” என்றாள்.